டிராவல் சிஸ்டம்: ஒரே பெட்டியில் வாங்குவதா, பிரித்து வாங்குவதா?

குழந்தை பிறப்பதற்கு முன்பே வாங்கி வைக்கும் சாமான்களில் ஆளை அதிகம் குழப்புவது டிராவல் சிஸ்டம்தான். தள்ளிக்கொண்டு போக ஸ்ட்ரோலர், பச்சைக் குழந்தை மல்லாந்து படுக்க பாசினெட், காரில் போக இன்ஃபன்ட் கார் சீட். மூன்றையும் சக்கரம் வைத்த ஒரே ஃபிரேமில் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

வாங்க நான்கு வழி உண்டு. எல்லாம் ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியில் வரும் செட் ஒன்று. ஃபிரேமும் பாசினெட்டும் ஒரு கம்பெனி, கார் சீட் வேறு கம்பெனி, இரண்டையும் இணைக்க நடுவில் அடாப்டர் என்பது இன்னொன்று. மூன்றாவது, அடியிலேயே சக்கரம் மடங்கியிருக்கும் டூனா மாதிரியான கார் சீட். கடைசியாக, ஸ்ட்ரோலர் தனி, காரிலேயே நிரந்தரமாக இருக்கும் பெரிய கார் சீட் தனி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. யாராவது கேட்டால் இன்றும் அதையேதான் சொல்கிறேன். அதற்கான காரணத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா, கூரை முழுசாக இறங்குகிறதா, அடிக்கூடையில் பை கொள்கிறதா, கைப்பிடி நம் உயரத்துக்கு வருகிறதா என்பதெல்லாம் கடையில் ஐந்து நிமிடம் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிறம் உங்கள் இஷ்டம்.

செட்டாக விற்பவர்கள் முதலில் காட்டுவது அந்த 'க்ளிக்' சத்தத்தைத்தான். காரில் தூங்கிப்போன குழந்தையை எழுப்பாமல், சீட்டோடு தூக்கி ஃபிரேமில் வைத்தால் க்ளிக். அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். உண்மையிலேயே வசதிதான், மறுக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? கார் சீட்டில் குழந்தை பாதி நிமிர்ந்த நிலையில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சைத் தொட்டால் மூச்சுக்குழாய் ஒடுங்கும். அதனால்தான் ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் வைக்க வேண்டாம், பிறந்த புதிதில் அதைவிடக் குறைவாகவே வையுங்கள் என்று சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலும், வழக்கமாகத் தூங்க வைக்கும் இடமாகக் கார் சீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. காரை விட்டு இறங்கி நீண்ட நேரம் வெளியே சுற்றப் போகிறோம் என்றால் குழந்தையைச் சமதளத்துக்கு, அதாவது பாசினெட்டுக்கு, மாற்றத்தான் வேண்டும்.

எந்த வசதிக்காக ஒரே கம்பெனி செட் வாங்கச் சொல்கிறார்களோ, அதைக் கொஞ்ச நேரத்துக்குத்தான் பயன்படுத்தப் போகிறோம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஜோடி அடாப்டர் போதும்.

சரி, இப்போது என் முடிவை உறுதிசெய்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மூன்று பொருளுக்கும் ஆயுள் ஒன்றல்ல. வெவ்வேறு வயதுள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரிதான் செட் வாங்குவது.

பாசினெட்டைப் பாருங்கள். பெரும்பாலானவை சுமார் 9 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கும். ஆனால் அந்த எடை வருவதற்கு முன்பே வேறொரு வரம்பு வந்துவிடும். குழந்தை கையை ஊன்றி எழும்பவோ, உருண்டு புரளவோ, தானாக உட்காரவோ தொடங்கிவிட்டால் பாசினெட்டை நிறுத்திவிட வேண்டும். மொத்தமாக ஐந்து, ஆறு மாதம். அதற்குள் அது தேய்வதற்கு நேரமே இல்லை. துணியைத் துவைத்துவிட்டால் புதிதாகவே இருக்கும்.

இன்ஃபன்ட் கார் சீட் அதைவிடக் கொஞ்சம் நீளும். எடை வரம்பு பலவற்றில் 13 கிலோ வரை இருந்தாலும், பெரும்பாலும் எடைக்கு முன்னால் உயரம்தான் நிரம்பும். தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பை நெருங்குகிறது என்றால், தராசு என்ன சொன்னாலும் அடுத்த சீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. வளர்த்தியான குழந்தை என்றால் முதல் பிறந்தநாளையொட்டியே நிரம்பிவிடும். அதன் பிறகும் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். கார் சீட்டுகளுக்கு ஐரோப்பாவில் பின்பற்றும் ஆர்129 என்ற பாதுகாப்பு விதிப்படி 15 மாதம் வரை அது கட்டாயம். சீட் இடம் கொடுக்கும்வரை எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் அப்படியே வைப்பது இன்னும் நல்லது.

ஃபிரேம் அப்படியல்ல. குழந்தை மூன்று, நான்கு வயது வரை அதில் போகும். அடுத்த குழந்தை வந்தால் அதற்கும் ஆகும். தினமும் அடி வாங்குவதும் அதுதான். படிக்கட்டில் தடதடவென்று இறங்கும், மழையில் நனையும், மணலில் புதையும், டிக்கியில் திணிக்கப்படும். அதனால் பணத்தையும் கவனத்தையும் அதிகம் போட வேண்டிய இடம் ஃபிரேம்தான் என்பது என் எண்ணம். ஒரே பெட்டியில் வரும் செட்டுகளில், குறிப்பாக மலிவானவற்றில், ஃபிரேம்தான் பலவீனமாக இருக்கிறது. சக்கரங்கள் சிறியவை, ஒற்றைக் கையால் திருப்பினால் ஒரு பக்கமாக இழுக்கும், மடித்தாலும் டிக்கியை அடைத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்தவற்றில் நல்ல ஃபிரேமோடு வந்த செட்டும் இருந்தது. ஆனால் அதன் கார் சீட் எங்கள் காருக்குச் சரிப்பட்டு வரவில்லை. பிரித்து வாங்கலாம் என்ற யோசனையே அங்கேதான் வந்தது.

பராமரிப்பிலும் இதே கதைதான். ஃபிரேம் வாங்கும் முன் நான் கேட்ட முதல் கேள்வி, முன்சக்கரம், கூரைத்துணி, கைப்பிடி உறை இவையெல்லாம் உதிரியாகத் தனியாகக் கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும் என்றால் அந்த ஃபிரேமுக்கு இரண்டாவது வாழ்க்கை உண்டு. எங்கள் முன்சக்கரம் ஒருமுறை கிறீச்சிட ஆரம்பித்தது. பட்டனை அழுத்தி அதைக் கழற்றிப் பார்த்தால், அச்சில் முடியும் மணலும் சுற்றி ஒரு கறுப்பு வளையமே உருவாகியிருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்ததும் சத்தம் போய்விட்டது. எண்ணெய் விட்டால் மறுபடி தூசியைத்தான் இழுக்கும். அப்புறம், காற்றடைக்கும் டயரா, பஞ்சராகாத ஃபோம் டயரா என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். காற்று டயர் மேடுபள்ளத்தில் மெத்தென்று போகும். பம்பும் கூடவே வர வேண்டும். நாங்கள் ஃபோம் எடுத்தோம். கரடுமுரடான பாதையில் காற்று டயர் எவ்வளவு மேல் என்பதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் ஃபிரேமுக்குச் செய்யும் வைத்தியத்தைக் கார் சீட்டுக்குச் செய்யக்கூடாது. பால் வழிந்து, பெல்ட்டைப் பூட்டும் பக்கிளுக்குள் காய்ந்துவிட்டால், க்ளிக் சத்தம் மந்தமாகும், சிவப்புப் பட்டன் மெதுவாக எழும்பும். அதில் எந்த ஸ்ப்ரேயும், எண்ணெயும் போடாதீர்கள். கையேட்டில் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் பக்கிளை அலசிவிட்டு, நன்றாகக் காயவிட வேண்டும். தோள் பெல்ட்டுகளை வாஷிங் மெஷினில் போடக்கூடாது, ஊறவைக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. விபத்தில் இழுவையைத் தாங்கப் போவது அந்த நெசவுதான், அதன் வலு குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. உறைத்துணி வேறு விஷயம், கழற்றித் துவைக்கலாம். கழற்றி மாட்டுவது எளிதா என்பதைக் கடையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். வாந்தியும் மலமும் பட்டு, நடுராத்திரியில் அந்தக் கொக்கிகளோடு மல்லுக்கட்டும்போது அதன் அருமை தெரியும்.

கைமாற்றி விற்பது பற்றி. பாசினெட்டுக்கும் ஃபிரேமுக்கும் எப்போதும் ஆள் இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் தயங்காமல் வாங்குகிறார்கள், நானும் வாங்குவேன். கார் சீட் மட்டும் அப்படிக் கைமாற வேண்டிய பொருளல்ல. பெரிய மோதலில் சிக்கிய சீட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. அது சிக்கியதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு, பலவற்றில் தயாரித்த நாளிலிருந்து 6 முதல் 10 ஆண்டு. சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். லேபிளில் தேதி இருக்கும். சிலவற்றில் பிளாஸ்டிக்கிலேயே சின்ன வட்டம் ஒன்று பதிந்திருக்கும், நடுவில் ஆண்டு, சுற்றிலும் மாதங்கள், ஓர் அம்புக்குறி. பழைய ஆர்44 விதிப்படி வந்த சீட்டுகளின் விற்பனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆர்44-க்குப் பின் வந்த ஆர்129-இல் பக்கவாட்டு மோதல் சோதனையும் கட்டாயம். உடன்பிறந்தவர்களிடமிருந்து, முழுக்கதையும் தெரிந்த சீட் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். முகம் தெரியாதவரிடம் வேண்டாம்.

இப்போது செட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் மூன்று சாமான். ஒன்று அரை ஆண்டில் ஓய்ந்து, புதிதுபோல் விலை போகும். இன்னொன்று ஓராண்டில் ஓய்ந்து, அந்நியருக்கு விற்கவே கூடாததாகிவிடும். மூன்றாவது பல ஆண்டு உழைக்கும். செட்டாக விற்றால் கார் சீட்டும் கூடவே போய்விடும். பிரித்தால் செட்டுக்குக் கிடைத்திருக்கும் விலை கிடைக்காது. தனித்தனியாக வாங்கியவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

எங்கள் வழியிலும் தொல்லை உண்டு. அடாப்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மேக்ஸி-கோசி, சைபெக்ஸ், நூனா மூன்றின் சீட்டுகளுக்கும் ஒரே அடாப்டர் என்று பல ஸ்ட்ரோலர் கம்பெனிகள் கொடுக்கின்றன. ஆனாலும் கம்பெனி பெயரை மட்டும் பார்க்காமல், உங்கள் மாடல் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத சீட் 'ஏறக்குறைய உட்காருகிறது' என்றால் அது உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். மாட்டியதும் இரண்டு பக்கமும் க்ளிக் கேட்க வேண்டும். அதோடு விடாமல் சீட்டின் கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அடாப்டர் சின்னப் பொருள் வேறு, தொலைந்தால் தேடி மாளாது. அடிக்கூடையில் அதற்கென்று ஒரு பை வைத்துவிட்டேன். அடாப்டர் மாட்டியிருக்கும்போது சில ஃபிரேம்களை மடிக்கவும் முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம், நல்ல ஃபிரேம் உள்ள செட் ஒன்று உங்கள் காருக்கும் பொருந்துகிறது, இரண்டாவது குழந்தையும் சீக்கிரமே என்று திட்டம் இருக்கிறது என்றால் செட்டையே வாங்குங்கள். காலாவதிக்குள் அதே கார் சீட் இரண்டாவது குழந்தைக்கும் உதவும், நான் சொன்ன ஆயுள் கணக்கு அங்கே பாதி அடிபட்டுப்போகும்.

சக்கரம் வைத்த கார் சீட்டை உறவினரிடம் இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன், அந்த அளவுக்குத்தான் எனக்கு அனுபவம். டாக்ஸியிலேயே அலைகிறவர்களுக்கும் விமானத்தில் அடிக்கடி போகிறவர்களுக்கும் அது நிஜமாகவே வரம். இறக்கினால் சக்கரம் விரிந்துவிடும், டிக்கியில் எதுவும் வைக்க வேண்டாம். ஆனால் 7 கிலோவுக்கு மேல் இருக்கும் அதைக் குழந்தையோடு தூக்கிப் படியேறினால் தோள்பட்டை விட்டுப்போகும். பாசினெட் கிடையாது, எனவே நீண்ட நேரம் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலராக நான் அதை நினைக்க மாட்டேன். ஓராண்டு ஆனதும் ஃபிரேமும் சேர்ந்தே ஓய்வு பெற்றுவிடும்.

நான்காவது வழி, காரில் நிரந்தரமாக இருக்கும் பெரிய சீட். பிறந்த நாள் முதல் சில ஆண்டுகள் வரை ஒரே சீட் போதும், ஆகவே ஆயுள் கணக்கில் எங்கள் வழியையும் அது வென்றுவிடும். காரை எப்போதாவது மட்டும் எடுப்பவர்கள், பாசினெட்டோடு நல்ல ஸ்ட்ரோலர் ஒன்று, இந்தச் சீட் ஒன்று என்று முடித்துக்கொள்ளலாம். இறங்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையைக் கழற்றித் தூக்க வேண்டும், மழையில் அது கஷ்டம். மிகச் சின்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெரிய சீட் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். தோள் பெல்ட் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ தொடங்க வேண்டும், மேலே இருந்தால் சரியில்லை. இரட்டைக் குழந்தைகளுக்கு எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, அது தனிக் கணக்கு.

எந்த வழியில் போனாலும் கார் சீட்டைப் பணம் கட்டும் முன் உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். கார் சீட்டை பெல்ட் இல்லாமலே காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, இல்லையென்றால் கார் பெல்ட் அந்தச் சீட்டைச் சுற்றிவர நீளம் போதுமா, முன்சீட்டில் இருப்பவருக்கு முழங்கால் வைக்க இடம் மிஞ்சுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது. குழந்தையை உட்கார வைத்தபின், தோள் பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். தடிமனான ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பெல்ட் போட்ட பிறகு மேலே போர்வை போர்த்திக்கொள்ளலாம்.