63/37 சால்டர்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

நண்பர் ஒருவர் இப்போதுதான் சால்டரிங் கற்றுக்கொள்கிறார், அதாவது வயர்களையும் மின்னணுப் பாகங்களையும் உருக்கிய உலோகக் கலவையால் (சால்டரால்) இணைப்பது. 63/37 என்றால் முதல் எண் வெள்ளீயத்தின் பங்கு, இரண்டாவது காரீயத்தின் பங்கு. "60/40-க்கும் 63/37-க்கும் மூன்று பங்குதானே வித்தியாசம், அதுக்குப் போய் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். கூடவே, 138 டிகிரியிலேயே உருகும், பிஸ்மத் என்ற உலோகம் கலந்த சால்டரை வாங்கலாமா என்றும் ஒரு கேள்வி. போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கம்பியின் தடிமன், உள்ளே இருக்கும் ஃப்ளக்ஸ் (ஒட்டும் பரப்பைச் சுத்தமாக்கும் பசை), செம்பின் மேல் பரவும் விதம் எல்லாம் தெரிந்த கதை. அதில் 60/40-ம் 63/37-ம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பேசப்போவது ஒரே விஷயத்தைப் பற்றி: சூடாக்கும் அயர்னை எடுத்த பிறகு சால்டர் எப்படி உறைகிறது என்பது.

63/37-ல் ஒரு ஜாயிண்ட் வைத்துவிட்டு, அயர்னின் முனையை (டிப்பை) எடுத்ததும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். பிறகு அந்தப் பளபளப்பின் மேல் மெல்லிய ஒரு மாற்றம் சட்டென ஓடும். அவ்வளவுதான், இறுகிவிட்டது. நடுவில் வேறு நிலையே இல்லை. இதையே 40/60-ல் செய்து பாருங்கள். முதலில் ஓரத்தில் மங்கல் விழும், அது மெதுவாக உள்ளே பரவும், அந்த நேரத்தில் ட்வீசரால் தொட்டால் கூழாக நகரும். அந்தக் கூழ் நிலையில் வயர் ஒரு இம்மி அசைந்தாலும் ஜாயிண்ட் சொரசொரப்பாகி, உள்ளே விரிசலோடு நிற்கும்.

இது எதனால்? தனி வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், தனிக் காரீயம் 327-ல். இரண்டையும் கலந்தால் சராசரி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவதோ 183, இரண்டுக்கும் கீழே. உருகிய நிலையில் இந்த இரண்டும் எந்த விகிதத்திலும் கலந்துவிடும். திடமானால் ஒன்றை ஒன்று அண்டவிடாது. வெள்ளீயப் படிகம் 183 டிகிரியில்கூடச் சுமார் 2.5 சதவீதக் காரீயத்தைத்தான் உள்ளே விடும். காரீயப் படிகம் சுமார் 19 சதவீத வெள்ளீயம் வரை ஏற்கும். ஆக, உறைய வேண்டுமென்றால் கலந்து கிடக்கும் அணுக்கள் பிரிந்து தங்கள் தங்கள் படிகத்துக்குப் போயாக வேண்டும். கலந்தே இருப்பதில் திரவத்துக்கு ஒழுங்கின்மையின் லாபம் உண்டு. அதனால் அது உறையாமல் இன்னும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. காரீயத்தில் வெள்ளீயம் சேர்த்தாலும் உறைநிலை இறங்கும், வெள்ளீயத்தில் காரீயம் சேர்த்தாலும் இறங்கும். இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வரும் கோடுகள் சந்திக்கும் இடம்தான் யூடெக்டிக் புள்ளி. எடைக் கணக்கில் 61.9 சதவீத வெள்ளீயம், 183 டிகிரி. 63/37 நடைமுறையில் இந்தப் புள்ளிதான்.

அந்தப் புள்ளியில் இரண்டு படிகமும் ஒரே நேரத்தில், அடுத்தடுத்த மெல்லிய தகடுகளாக வளர்கின்றன. காரீயப் படிகம் ஒதுக்கித் தள்ளும் வெள்ளீயத்தைப் பக்கத்துத் தகடு எடுத்துக்கொள்கிறது, அது தள்ளுவதை இது. அணுக்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, அதனால்தான் அந்த வேகம். உருகிய 63/37-க்குள் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை வைத்து ஆறவிட்டால் எண்கள் இறங்கி வந்து, சில சமயம் 183-க்குக் கொஞ்சம் கீழே போய், மறுபடி ஏறி, அங்கேயே நிற்கும். கடைசித் துளி உறையும் வரை நகராது. அதைப் பார்ப்பதில் எனக்கு இன்றுவரை சலிப்பு வந்ததில்லை.

விகிதம் தள்ளிப்போனால் கதை வேறு. அந்த 61.9 கணக்கைவிட எது அதிகமோ அது முதலில் படிகமாக விழ ஆரம்பிக்கும். மீதித் திரவத்தின் கலவை மெல்ல மெல்ல 61.9-ஐ நோக்கி நகரும், அங்கே வந்ததும் மிச்சம் முழுக்க அதே 183-ல் உறையும். வெள்ளீயம் 19 சதவீதத்துக்கு மேல், 97.5-க்குக் கீழ் எந்த அளவில் இருந்தாலும் இதுதான் நடக்கும். 40/60 முழுதாக உருக 238 டிகிரி வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் 183-லேயே அதற்குள் திரவம் வந்துவிடும், ஜாயிண்ட் பலமிழந்துவிடும். இந்தப் பாடம் உலோகத்துக்கு மட்டுமல்ல. 1884-ல் யூடெக்டிக் என்ற பெயரை வைத்த ஃப்ரெடரிக் கத்ரி அதற்கு முன்பு உப்புக் கரைசல்களைத்தான் குடைந்துகொண்டிருந்தார். சுமார் 23 சதவீத உப்புள்ள தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது நண்பரின் மூன்று பங்குக்கு வருவோம். நியாயமாகக் கணக்குப் போட்டால் 60/40 முழுதாக உருகுவது 190 வாக்கில். கூழ் நிலை ஏழு டிகிரிதான். அந்த ஏழு டிகிரிக்குள் முன்கூட்டியே படிகமாவது மொத்தத்தில் சுமார் 4 சதவீதம். 50/50-ல் அது 28, 40/60-ல் பாதிக்கு மேல். சின்ன ரெசிஸ்டர் காலில் ஏழு டிகிரி ஆற எவ்வளவு நேரமாகும்? கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அங்கே 60/40-ஐக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடித்த வயர், பெரிய கிரவுண்ட் பரப்பு, டிரான்ஸ்ஃபார்மர் கால் என்று வரும்போது சூடு மெதுவாகத்தான் இறங்கும். கையில் பிடித்திருக்கும் வயர் அந்த இடைவெளியில் அசையும். அங்கே அந்த ஏழு டிகிரியை என் விரல்கள் உணர்கின்றன. நாலு சதவீதம்தானே என்று யார் சொன்னாலும் அந்த இடத்தில் 60/40-ஐ நான் தொடமாட்டேன்.

அதற்காகக் கூழ் நிலையே கெட்டது என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் காரீயக் குழாய்களை இணைத்தவர்கள் வெள்ளீயம் குறைந்த கலவையைத்தான் விரும்பி எடுத்தார்கள். கூழாக இருக்கும்போதே துணியால் வழித்து உருட்டி இணைப்புக்கு வடிவம் கொடுக்க முடிந்தது. அவர்களுக்கு 63/37 கொடுத்திருந்தால் வழிந்து தரையில் கிடந்திருக்கும்.

63/37 மேல் தீராத குறையும் ஒன்று உண்டு. அது சும்மா இருப்பதே இல்லை. 183 டிகிரி என்பது 456 கெல்வின், அறை வெப்பம் 298. அதாவது மேசையில் சும்மா கிடக்கும்போதே அது உருகுநிலையின் 65 சதவீதத்தில் இருக்கிறது. இரும்பை அதே நிலைக்குக் கொண்டுபோனால் 900 டிகிரி தாண்டிக் கனன்றுகொண்டிருக்கும். எனவே அழுத்தம் கொடுத்தால் 63/37 மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். அந்த மெல்லிய தகடுகளும் காலப்போக்கில் தடித்துப்போகும். பல இழை வயரின் முனையில் சால்டர் பூசி ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்கினால் சில மாதத்தில் தளர்ந்துவிடுவது இதனால்தான். தினமும் சூடாகி ஆறும் போர்டுகளில் கனமான கால்களைச் சுற்றி வளையமாக விரிசல் விழுவதற்கும் பெரும்பாலும் இதுதான் அடிப்படை. ரிப்பேருக்கு வரும் பழைய போர்டுகளில் நான் லென்ஸ் வைத்து முதலில் தேடுவது அந்த வளையத்தைத்தான். சுலபமாக உருகுகிறது என்று நான் கொண்டாடும் குணமே அந்த விரிசலுக்கும் வழி செய்கிறது. இது ஒவ்வொரு முறையும் எரிச்சலைக் கிளப்புகிறது, அதைச் சரிசெய்ய அதே 63/37-ஐத்தான் எடுக்கிறேன்.

பிஸ்மத் சால்டர் விஷயத்தில் மட்டும் பொறுமையாகப் பேச என்னால் முடியவில்லை. 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம், உருகுநிலை 138. இதுவும் யூடெக்டிக்தான், நன்றாகத்தான் உறைகிறது. காரீயமே இல்லாத போர்டில், சூடு தாங்காத பிளாஸ்டிக் கனெக்டருக்கு, எல்ஈடிக்கு இது நல்ல பொருள். ஆனால் காரீயம் கலந்த பழைய ஜாயிண்ட் மேல் இதை வைத்தால் மூன்று உலோகமும் சேர்ந்து இன்னும் கீழே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துவிடும்: பிஸ்மத் 52, காரீயம் 32, வெள்ளீயம் 16, உருகுநிலை 96 டிகிரி. தண்ணீரின் கொதிநிலைக்கும் கீழே! யாரோ அப்படி ரிப்பேர் செய்த போர்டு ஒன்று என்னிடம் வந்தது. ரெகுலேட்டரின் சொந்தச் சூட்டிலேயே அதன் கால் கழன்று நின்றது. பழைய சால்டரைத் துடைத்தெடுக்காமல் வைப்பவர்களுக்கு அந்தப் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்க வேண்டும். நான் பார்த்த பாக்கெட்டுகளில் இல்லை. கோபம் வருகிறது.

சரி, நண்பருக்கு என் பதில். 63/37-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகும் நீங்கள் வாங்க வேண்டியது 99.3/0.7 என்றுதான் சொல்வேன். வெள்ளீயமும் செம்பும், 227 டிகிரி, அதுவும் யூடெக்டிக். நான் சொன்ன அந்தச் சட்டென்ற உறைதல் அதிலும் கிடைக்கும். 2006 ஜூலையில், மின்னணுப் பொருட்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் (RoHS) விதி வந்த பிறகு செய்த போர்டுகளில் பெரும்பாலும் காரீயம் இல்லை; உங்கள் கைக்கு வரப்போவதும் அவைதான். காரீயத்தைத் தினமும் விரலால் தொடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே பழகாமல் இருப்பது நல்லது. அயர்னைக் கொஞ்சம் அதிகச் சூட்டில் வைக்க வேண்டும், டிப் சீக்கிரம் தேயும், ஜாயிண்ட் மங்கலாகத் தெரியும். மங்கல் என்பதற்காக அதைக் கெட்ட ஜாயிண்ட் என்று நினைத்து மறுபடி மறுபடி சூடாக்காதீர்கள்.

நான் 63/37-லேயேதான் இருப்பேன், எனக்கு வருவது பெரும்பாலும் பழைய போர்டுகள். உங்களிடம் ஏற்கெனவே 60/40 ரோல் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், சின்ன வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். அப்புறம், காரீய சால்டருக்கு ஒரு டிப், மற்றதற்கு வேறு டிப் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோல்களின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள், லேபிள் முதலில் கிழிந்துபோவது அங்கேதான்.