அக்காவின் அரசு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: ஒரு மாங்காய் சீசன் ஓட்டிய பிறகு

காவேரிப்பட்டணத்தில் அப்பாவுக்கு மாங்காய் மண்டி. மே மாதம் ஆரம்பித்தால் சீசன் முடிகிறவரை லோடு கணக்கு, கமிஷன், கூலி, கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் எத்தனை டன் என்று எழுதி மாளாது. கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், ஆனால் மண்டித் தூசியில் புது லேப்டாப்பை வைக்க மனசு வரவில்லை. வீட்டில் அக்கா பிளஸ் டூ படித்தபோது 2013இல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் சும்மா கிடந்தது. பெண்டியம், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7உடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் (லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச சாஃப்ட்வேர்) சேர்ந்தே வந்தது. அக்கா வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டுப் படம் சேர்க்க இடம் பண்ணிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே பெட்டிக்கு லினக்ஸைத் திரும்பக் கொண்டுவந்தவன் நான்.

வேறு வழியும் இல்லை. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது, குரோம் 109ஓடு அதற்கு வருவது நின்றுவிட்டது, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும். அதனால் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி பெங்களூரு எஸ்பி ரோடு போய் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒன்றும் வாங்கி வந்தேன், இரண்டும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள். போட்டது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, அதில் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். ஒன்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இது 64 பிட் பிராசசரில்தான் ஏறும்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறது. பாதிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்கு.

தொல்லைகளுக்கு வருவோம். முதல் நாளே வைஃபை தெரியவில்லை. உள்ளே இருக்கும் சில்லுக்கு அதன் நிறுவனம் மூடி வைத்திருக்கும் டிரைவர், அதாவது அதை இயக்கும் சாஃப்ட்வேர், வேண்டும், அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போன் நெட்டைப் பகிரும் டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்கிறது, அப்புறம் டிரைவர் மேனேஜரில் ஒரு கிளிக், ரீஸ்டார்ட், வைஃபை வந்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து லினக்ஸின் மையமான கர்னலுக்கு ஒரு அப்டேட் வந்ததும் வைஃபை மறுபடியும் போய்விட்டது. இந்த மாதிரி டிரைவர் ஒவ்வொரு புது கர்னலுக்கும் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அன்றைக்கு லோடு நிற்கிறது, டிரைவர் (இது லாரி டிரைவர்) அவசரப்படுத்துகிறார். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்தேன். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பழைய லேப்டாப்பில் பாதி பயம் போய்விடும். பழைய கர்னலை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது கடிகாரம். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடாது, அதனால் ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய கணக்குக்காக விண்டோஸையும் ஒரு பக்கம் வைத்திருந்தேன், இன்டர்நெட் கொடுக்காமல். ஒருநாள் மாலை 4 மணிக்கு ஏற்றிய லோடுக்குக் காலை 10.30 என்று பில் வந்திருக்கிறது. "ஏன்டா, காலையில நான் மண்டியே திறக்கலையே" என்கிறார் அப்பா. சரியாக ஐந்தரை மணி நேரம் குறைவு, அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும், எனக்குத்தான் இரண்டு நாள் ஆனது. லேப்டாப்பின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கும். கட்டளை அடிக்கும் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வைக்கச் சொன்னால் சரியாகிவிடுகிறது. இப்படி வைப்பது நல்லதல்ல என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கிறது, கேட்டுக்கொண்டேன்.

இதைச் சரி செய்த தெம்பில் இருந்தபோது இன்னொரு நாள் எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று ஒரே புலம்பல். லினக்ஸைத் திட்டிக்கொண்டே தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் போய் நிற்கிறது. குற்றம் லினக்ஸுடையதே இல்லை, உள்கடிகாரத்தை ஓட்டும் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி, மாற்றினேன், சரி. பெரிய பேட்டரியும் செத்துப் பல வருஷம் ஆகிறது, சார்ஜர் கழன்றால் லேப்டாப் அணைந்துவிடும். எங்கள் பக்கம் ஆனி மாதக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அப்டேட் பாதியில் ஓடும்போது போனது. திரும்பி வந்ததும் எதையும் இன்ஸ்டால் செய்ய விடவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என்ன ஆனது, எந்த வரியை அடித்தால் சரியாகும் என்று அதுவே எழுதிக் காட்டுகிறது: டிபிகேஜி (சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும் கருவி) பாதியில் நின்றது, கான்ஃபிகர் செய். அந்த வரியை அப்படியே அடித்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விண்டோஸில் இப்படி ஒரு தடவை ஆனபோது நீலத் திரையைப் பார்த்தபடி ஒரு மதியம் போனது ஞாபகம் வந்தது.

மூடியைச் சாத்தித் திறந்தால் சில சமயம் கறுப்புத் திரைதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்திவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். காரணம் தேடி அலுத்துப்போய், மூடினால் தூங்கவே வேண்டாம், பூட்டிக்கொண்டால் போதும் என்று பவர் மேனேஜரில் மாற்றி வைத்துவிட்டேன். பேட்டரியே இல்லாத லேப்டாப் தூங்கி என்ன மிச்சமாகப் போகிறது.

யூடியூபில் வீடியோ திக்கினால் ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை (h264ify) என்ற ஆட்-ஆனைப் போடுங்கள். யூடியூப் அனுப்பும் விபி9 என்ற வகை வீடியோவைத் திறக்கும் வசதி இந்த வயசு சில்லுகளில் இல்லை, எல்லாச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. இந்த ஆட்-ஆன் மூலம் பழைய எச்264 வகையாக வாங்கினால் ஃபேன் சத்தமே அடங்குகிறது.

பிரிண்டர் கதை வேடிக்கை. மண்டியில் இருக்கும் கிழட்டு டாட் மேட்ரிக்ஸ் செருகியதும் வேலை செய்தது, ஆனால் தமிழ் எழுத்தைப் படமாக அடிப்பதால் ஒரு பில்லுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வீட்டில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டரோடு மூன்று இரவு மல்லுக்கட்டித் தோற்றேன். இப்போது பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிடுகிறேன், கடைக்கார அண்ணன் எடுத்து வைத்திருப்பார்.

தமிழ் டைப்பிங்கில் குறையில்லை. ஐபஸ் என்ற டைப்பிங் கருவியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் என்று மூன்று கீபோர்டு முறைகளும் கிடைக்கின்றன. சேர்த்த பிறகு ஒருமுறை லாக் அவுட் செய்து வர வேண்டும். அப்பாவின் பழைய பட்டியல்கள் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்தவை, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. பாமினி ஃபான்ட் ஃபைலை இன்ஸ்டால் செய்ததும் லிப்ரே ஆபீஸில் தமிழாகிவிட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று வைஃபைக்கும் லேசர் பிரிண்டருக்கும், மற்ற பழியெல்லாம் செத்த பேட்டரிகளுக்குப் போக வேண்டியது. டாலியை மட்டுமே நம்பித் தொழில் செய்பவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். வீட்டில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடும் முன், மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே லைவ்வாக ஓட்டி வைஃபை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. தீபாவளிக்கு ஓசூரிலிருந்து வந்த அக்கா திறந்து பார்த்துவிட்டு, "என் போட்டோவெல்லாம் எங்கடா?" என்றாள். பழைய ஹார்ட் டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. யுஎஸ்பி கேஸ் வாங்கி எடுத்துக் கொடுக்க வேண்டும்.