ஏற்காடு காப்பித் தோட்டத் தங்குமிடம்: ஒரு சனி ஞாயிறு

நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து சேலத்துக்குப் படிக்க வந்தவன். போன மாதம் வகுப்பு நண்பர்கள் நாலு பேரோடு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் தங்கினோம், இரண்டு அறைக்கும் சேர்த்து இரவுக்கு 4,500 ரூபாய், சாப்பாடு தனி.

சேலத்திலிருந்து பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு, வயிறு லேசானவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், ராத்திரி போர்வை போதவில்லை, கேட்டதும் இன்னொன்று கொடுத்தார்கள்.

எனக்கு எங்கள் நாட்டுக் கேமரன் மலைத் தேயிலைதான் பழக்கம், அதனால் காலையில் தோட்டக்கார அண்ணன் கூட்டிப்போய்க் காட்டியது எல்லாமே புதுசு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி. பழுத்த காப்பிப் பழத்தைப் பிய்த்து, "வாயில் போட்டுப் பாருங்க தம்பி" என்றார், தோல் இனிக்கிறது! இங்கே காப்பி வந்தது 1820-களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மூலம்.

தோட்டக்கார அண்ணன் வீட்டு அக்கா செய்த களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அப்படி ஒரு ருசி, அதற்காகவே மறுபடி போகலாம். பச்சை மிளகு தூக்கலாக இருந்தது. ஊரை விட்டு வந்து ஒரு வருஷம் கழித்து முதல்முறையாக வீட்டுச் சாப்பாடு போல இருந்தது, அம்மாவுக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டேன்.

குறை என்றால் ஞாயிறு காலை வெந்நீர் வரவில்லை, சொல்லியும் ஒரு மணி நேரம் ஆனது. அதைச் சரி செய்ய வேண்டும்.

அப்புறம், சாயங்காலம் இருட்டும் முன்பே லேடீஸ் சீட் என்ற காட்சி முனைக்குப் போய் உட்காருங்கள், கீழே சேலத்தில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும்.