செப்புக் கட்டியில் ஜெயித்த கூலர்: நான்கு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரியில் பர்கூர் சாலையையொட்டிய ஒரு மாடியறையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு முகூர்த்த வீடியோ முழுதாக உருவாகி வர மூன்று மணி நேரம் கணினியின் மூளையான பிராசசர் மூச்சுவிடாமல் ஓடும். 2020இல் இரண்டு கணினிகள் வாங்கினேன். இரண்டிலும் ரைசன் 5 3600 பிராசசர். பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் மட்டும் வேறு வேறு. ஒன்றில் சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட் பைப்புகளும் பிராசசரை நேரடியாகத் தொடும். இன்னொன்றில் பைப்புகளுக்கு அடியில் கனமான செப்புத் தகடு உண்டு.

முதல் வகையைத்தான் நான் பெரிதும் நம்பினேன். பிராசசருக்குப் பதிலாக ஹீட்டர் செருகிய செப்புக் கட்டியை வைத்துச் செய்ததாக நான் படித்த ஒரு சோதனையில், அது மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்வித்து முந்தியிருந்தது. அந்த முறை மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஹீட்டருக்குள் போகும் வாட்டைத் துல்லியமாக அளக்கலாம். நாளை செய்தாலும் அதே விடை வரும். உண்மையான பிராசசரில் இது நடக்காது. அட்டைப்பெட்டியில் 65 வாட் என்றிருக்கும் இதே 3600, 88 வாட் வரை இழுக்கும். பிராசசரைத் தாங்கும் மதர்போர்டு மாறினால் கணக்கும் மாறும்.

ஆனால் என் அறையில் விடை தலைகீழாக வந்தது. ஒரே வேலையில் பைப் தொடும் கூலர் 81 டிகிரி, தகடு வைத்தது 76. பிராசசரின் குறையோ என்று சந்தேகப்பட்டு, ஓர் இரவு உட்கார்ந்து, பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் அதே தெர்மல் பேஸ்ட்டைத் தடவி, கூலர்களை இடம் மாற்றிப் பொருத்தினேன். சூடும் கூலரோடு சேர்ந்தே இடம் மாறியது.

கழற்றியபோது பேஸ்ட்டின் தடத்தைப் பார்த்துத்தான் காரணம் புரிந்தது. செப்புக் கட்டி தன் மேற்பரப்பு முழுவதிலும் சீராகச் சூடு தருகிறது. 3600இல் சூடு பிறக்கும் சில்லு சுமார் 74 சதுர மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தளவு. அதுவும் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. அதற்கு நேர்மேலே இருந்த இரண்டு பைப்புகள் உழைத்தன. மற்ற இரண்டும் பாதி சும்மா இருந்தன. தகடு இருந்தால் சூடு பக்கவாட்டில் பரவி நான்கு பைப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. செப்புக் கட்டி மெதுவாகத்தான் சூடேறும். பிராசசரோ ஒரு கிளிப்பைத் திறந்த நொடியில் 45இலிருந்து 70க்குத் தாவுகிறது.

மூன்றாம் ஆண்டில் தூசி. பக்கத்துக் கிரானைட் பட்டறையில் தண்ணீர் ஊற்றித்தான் கல் அறுக்கிறார்கள். காய்ந்த சேற்றை லாரிச் சக்கரங்கள் கிளப்புகின்றன. சூட்டைக் காற்றில் விடும் உலோக இதழ்கள் நெருக்கமாக இருந்த கூலரின் முன்பக்கம் சாம்பல் நிறக் கம்பளிபோல அடைத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் அறையே 37 டிகிரி. பிராசசர் 95ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கல்யாண வீட்டாருக்குச் சொன்ன நாளில் வீடியோவைக் கொடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் போடுகிறேன். வெப்பநிலையைக் குறிக்கும்போது அறைச் சூட்டைக் கழித்தே எழுதுகிறேன்.

சென்ற மாதம் மூன்றாவது கணினிக்குக் கூலர் வாங்கப் போனேன். சோதனை எண்களைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்டது, "அடிப்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள் அண்ணா" என்பதுதான்.