பேனலின் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

கணினி சிமுலேட்டரில் ஓட்டுவதற்காக வீட்டில் போர் விமானக் காக்பிட் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும், கட்டலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எஃப்-16 காக்பிட்டின் இடது கன்சோல் (இருக்கைக்குப் பக்கவாட்டு மேடை) பேனல்கள், லேண்டிங் கியர் (சக்கரங்கள்) பேனல், விசையை உணரும் ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக ஒரு தனிநபரிடம் ஆர்டர் கொடுத்தேன். ஏழு மாதம் காத்திருந்தேன். வந்த பொருளில் ஒன்றுகூட சொன்னபடி இல்லை, அதில் ஒன்று வீட்டையே கொளுத்தியிருக்கும். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் விற்றவர் பெயரை எழுதவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்கிறேன், இதே போல இன்னும் சிலருக்குப் போயிருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

மரச்சட்டமும் இருக்கையும் நானே செய்தவை. நிஜ விமானத்தில் இருக்கை 30 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு சரியாக வர மூன்று முறை பிரித்துக் கட்டினேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலும் நானே செய்ததுதான். பேனல் வேலைக்கு லேசர் மெஷின் வேண்டும், ஸ்டிக்குக்கு நல்ல எந்திர வேலை வேண்டும், இரண்டும் என்னிடம் இல்லை. அதனால்தான் வெளியே தேடினேன்.

அவர் அனுப்பிய படங்கள் அத்தனை அழகு. இருட்டறையில் பச்சை வெளிச்சத்தில் எழுத்துகள் மின்னுகின்றன, சுவிட்சுகளைத் தட்டும் சத்தத்தோடு ஒரு சின்ன வீடியோ. பின்பக்க வயரிங் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டேன். "டிசைனைத் திருடிவிடுகிறார்கள் ப்ரோ, அதனால் யாருக்கும் காட்டுவதில்லை" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அங்கேதான் தவறினேன். காக்பிட் பேனலில் முன்பக்கம் என்பது ஒரு அக்ரிலிக் தகடும் பெயிண்டும் மட்டுமே, மொத்த வேலையும் முதுகுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்ட மறுக்கிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

அடுத்து, அக்ரிலிக் விலை ஏறப்போகிறது, இந்த வாரமே முழுப்பணமும் வந்தால் பழைய விலைக்கே தருகிறேன் என்றார். அதையும் பொருளுக்கான கட்டணமாக அனுப்பாமல், தெரிந்தவருக்கு அனுப்பும் பணமாக அனுப்பச் சொன்னார், கமிஷன் மிச்சமாம். அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் தாமதங்கள். லேசர் மெஷின் பழுது, சுவிட்சு வரவில்லை, உடம்பு சரியில்லை. இந்தத் துறையில் உண்மையிலேயே நல்ல வேலை செய்பவர்கள் ஒவ்வொரு பேனலாகக் கையால் செய்கிறார்கள், அவர்களிடமும் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் இவர் பயன்படுத்திக்கொண்டார்.

பெட்டி வந்த அன்று முதலில் பேனலை, அதைத் திருகி மாட்டும் ரெயிலில் வைத்துப் பார்த்தேன். கன்சோல் பேனல்களின் அகலம் 5.75 அங்குலம், அதாவது 146 மில்லிமீட்டர். பொதுவாக எல்லோரும் ரெயிலை அந்த அளவுக்குத்தான் போடுகிறோம். வந்தவை 140. திருகு துளைகள் எதுவும் பொருந்தவில்லை. எழுத்துகளும் செதுக்கியவை அல்ல. முறையான பேனலில் ஒளி புகும் வெள்ளை அக்ரிலிக் மேல் கருப்பு பெயிண்ட் அடித்து, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் லேசரால் பெயிண்டை எரித்து எடுப்பார்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது எழுத்து மட்டும் ஒளிரும். இதில் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் உரிந்து வருகிறது. எஞ்சினைக் கிளப்பும் ஜெட் ஃப்யூல் ஸ்டார்ட்டரின் சுவிட்ச் காந்தத்தால் பிடித்து நிற்கும் வகை என்று சொல்லித்தான் கூடுதல் பணம் வாங்கினார். நிஜத்தில் எஞ்சின் வேகம் பாதியைத் தாண்டும்போது அது தானாகவே 'டக்' என்று ஆஃப் நிலைக்குத் திரும்பும். எனக்கு வந்தது கையால் தட்டும் சாதாரண டாகிள் சுவிட்ச். கேட்டால் அப்டேட் வரும் என்றார். உள்ளே காந்தக் காயிலே இல்லாத சுவிட்சுக்கு எந்த அப்டேட் வந்து என்ன செய்யும்?

இதையெல்லாம்கூட ஏமாற்றம் என்று விட்டிருப்பேன். ஸ்டிக்தான் பெரிய வலி.

எஃப்-16 ஸ்டிக் வலது கை ஓரத்தில் இருக்கும், அழுத்தும் விசையை அளந்து வேலை செய்யும். ஆரம்பத்தில் அது துளிகூட அசையாமல்தான் இருந்தது, விமானிகளுக்கு அது ஒத்துவரவில்லை என்பதால் பிறகு கொஞ்சம் அசைய விட்டார்கள். வந்த ஸ்டிக்கைப் பிடித்து வலப்பக்கம் அழுத்தினால், விமானம் யோசித்துவிட்டுத்தான் சாய்ந்தது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டே போனது. டேங்கர் விமானத்துக்குப் பின்னால் எரிபொருள் வாங்கப் போய் நின்றால், திருத்தத் திருத்த ஊசல் மாதிரி மேலும் கீழும் ஆடி, ஒவ்வொரு முறையும் மோதலில்தான் முடிந்தது. விற்றவரிடம் சொன்னேன். "நிஜ விமானத்திலும் ஸ்டிக் அப்படித்தான் ப்ரோ, பழகணும்" என்று ஒரே வரியில் பதில். இரண்டு வாரம் அதை நம்பிப் பழகினேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ஸ்டிக்கும் விமானமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விமானத்தின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒய்எஃப்-16 முன்மாதிரியை வேகமாகத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அன்று பறக்கும் திட்டமே இல்லை. உருளும் கட்டுப்பாடு அளவுக்கு மீறிக் கூர்மையாக வைக்கப்பட்டிருந்ததால் விமானம் இடதும் வலதுமாக ஆடி, வால் பகுதி ஓடுபாதையில் உரசியது. பைலட் ஃபில் ஓஸ்ட்ரிச்சர், தரையில் வைத்திருப்பதைவிட மேலே எழும்புவதே மேல் என்று தூக்கிவிட்டார், 6 நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். அதிகாரப்பூர்வ முதல் பறப்பு பிப்ரவரி 2-இல்தான். கைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன உறவு இத்தனை முக்கியமானது, அதை "பழகணும்" என்று சொல்லித் தள்ளுகிற ஆள் சாமானை விற்கவே கூடாது.

கடைசியில் ஸ்டிக்கின் அடியில் இருந்த நான்கு திருகுகளையும் கழற்றினேன். உள்ளே சமையலறைத் தராசில் இருக்கும் வகை அலுமினிய லோடு செல் (எடையை உணரும் பட்டை) இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, திருகு போடாமல் சூடான பசையால் ஒட்டியிருந்தது. பக்கத்தில் எச்எக்ஸ்711 சிப் பொருத்திய சிறு போர்டுகள். எடை போடுவதற்காகவே வந்த சிப் அது. நொடிக்கு 10 முறை அல்லது 80 முறை அளக்கும், எது வேண்டும் என்பதைச் சிப்பின் ஒரு கால் (பின்) எங்கே இணைந்திருக்கிறது என்பது முடிவு செய்யும். மலிவாகக் கிடைக்கும் போர்டுகள் பெரும்பாலும் 10-இல்தான் வருகின்றன. அதே நிலையில், தொட்டுக்கூடப் பார்க்காமல் மாட்டியிருந்தார். அந்த வேகத்தில் ஓர் அளவு முழுமையாக நிலைக்க 400 மில்லிவினாடி ஆகும் என்று சிப்பின் தரவுத்தாளிலேயே இருக்கிறது, கிட்டத்தட்ட அரை நொடி. மாவு நிறுக்க அது போதும், விமானம் ஓட்டப் போதாது. அந்தக் காலைத் தூக்கி மின்னழுத்தப் பக்கம் சால்டர் செய்து 80-க்கு மாற்றியதும் தாமதம் பெருமளவு போய்விட்டது, பத்து நிமிட வேலை. அதைக்கூட அவர் செய்யவில்லை. ஆனாலும் பசை சூட்டில் இளகி நகர்வதால் இருபது நிமிடம் ஓட்டினால் நடுநிலை தவறி விமானம் தானாக இடப்பக்கம் சாய ஆரம்பிக்கிறது. அதற்குச் செல்களைக் கழற்றி இரும்புத் தகட்டில் திருகு போட்டு இறுக்குவதைத் தவிர வழியில்லை.

லேண்டிங் கியர் பேனலில் வேறொரு கதை. முதல் முறை குண்டுகளும் வெளி டேங்குகளும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன், சக்கரம் தரையை விட்ட மறுநொடியே எல்லாம் கழன்று ஓடுபாதையில் விழுந்தன. சிமுலேட்டர் கோளாறு என்று நினைத்து மீண்டும் நிறுவினேன், அதே கதை. காரணம் பேனலுக்குள் இருந்தது. சுவிட்சுகளை வரிசையும் நிரையுமாக இணைத்து, குறைந்த வயரில் நிறைய சுவிட்சுகளைப் படிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு சுவிட்சுக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று போட வேண்டும். போடாவிட்டால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைச் சுவிட்சுகள் ஆனில் இருக்கும்போது நான்காவதும் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குத் தெரியும். கீபோர்டில் விரலை எடுத்துவிடுவோம், அதனால் இது அரிதாகத்தான் வெளியே தெரியும். காக்பிட் டாகிள்கள் ஆனிலேயே நிற்பவை, இங்கே அது வந்தே தீரும். தரையிறங்கு விளக்கு, ஆன்டி-ஸ்கிட் (பிரேக்கில் சக்கரம் வழுக்காமல் காப்பது), ஆயுதச் சுமை வகை சுவிட்ச் மூன்றும் ஆனில் இருந்தபோது, நான்காவது மூலையில் இருந்தது, சுமைகளையெல்லாம் கீழே உதிர்க்கும் அவசரக் கழற்றல் பொத்தான். சக்கரத்தில் பாரம் இருக்கும் வரை அது வேலை செய்யாது, அதனால்தான் எழும்பிய கணத்தில் எல்லாம் விழுந்தது. 1என்4148 என்ற சாதாரண டையோடு, இருப்பதிலேயே மலிவான உதிரிகளில் ஒன்று. ஒன்றுகூட இல்லை. அறுபத்துச் சொச்சம் டையோடுகளை நானே உட்கார்ந்து சால்டர் செய்தேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் பதறி எழுதுவதற்குக் காரணம்.

ஒரு நாள் இரவு நாற்பது நிமிடம் போல ஓட்டியிருப்பேன், பிளாஸ்டிக் கருகுவது போல ஒரு வாடை. கன்சோலுக்கு அடியில் கையை விட்டேன், ரிப்பன் கேபிள் சுட்டது. விரலால் அழுத்தினால் மேலுறை மெழுகு மாதிரி அமுங்கியது. உடனே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பேனலைத் திருப்பினேன். பின்னொளிக்கு 84 எல்இடிகள், ஒவ்வொன்றும் சுமார் 20 மில்லிஆம்பியர், மொத்தம் 1.7 ஆம்பியர் பக்கம் வரும். இதற்குத் தனி பவர் சப்ளை இல்லை, சுவிட்சுகளைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் ஆர்டுயினோ மெகா போர்டின் 5 வோல்ட் காலிலிருந்தே எடுத்திருந்தார். அந்தப் போர்டில் யூஎஸ்பி வழியாக 500 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் தடுக்க ஒரு மீளும் ஃப்யூஸ் உண்டு. அப்படியானால் அது தடுத்திருக்க வேண்டுமே என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன உதிரியின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து சால்டர் வைத்திருந்தார்கள். ஃப்யூஸ் அணைந்து அணைந்து தொந்தரவு செய்ததால் அதைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். தெரியாமல் நடந்த தவறு இல்லை இது, தெரிந்தே செய்தது. நான் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் செருகியிருந்ததால் அதுவும் கேட்ட அளவு கொடுத்துக்கொண்டே இருந்தது. மரச்சட்டம், பஞ்சு இருக்கை, பக்கத்து அறையில் குழந்தைகள். நான் விழித்திருந்த நேரத்தில் நடந்ததால் பிழைத்தோம்.

படங்களோடு அவருக்கு அனுப்பினேன். முதலில் நான்தான் வயரிங்கைத் தொட்டுக் கெடுத்தேன் என்றார். திருகைத் திறந்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். பிறகு பதிலே இல்லை. பணம் அனுப்பிய வழியில் தகராறு எழுப்பும் காலக்கெடுவும் அவர் இழுத்தடித்த மாதங்களிலேயே முடிந்திருந்தது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பணத்துக்கு முன்னால் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள், டையோடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின்னொளிக்கு 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ தனி சப்ளை எங்கே செருகுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக் என்றால், கணினித் திரையில் அச்சின் அளவும் கையும் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும், பட்டென்று அழுத்தி விடும்போது திரையில் கோடு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பாருங்கள், அரை மணி நேரம் கழித்து அதே ஸ்டிக்கைத் தொடாமல் எடுத்த இன்னொரு வீடியோவும் கேளுங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. இதற்குப் பிறகு வேறொருவரிடம் ஒரே ஒரு பேனல் கேட்டபோது, நான் கேட்காமலே முதுகுப் பக்கப் படம்தான் முதலில் வந்தது. பணத்தைப் பகுதி பகுதியாக, கட்டணமாகவே அனுப்புங்கள், கமிஷன் போனால் போகட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது ஏற்கெனவே இப்படி ஒரு செட் இருக்கலாம்: 140 மில்லிமீட்டர் அகலம், ஸ்டிக்கர் எழுத்து, பேனலிலிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி வயர், வேறு மின் இணைப்பு இல்லை. அப்படி இருந்தால் தயவுசெய்து இன்று இரவு ஓட்டாதீர்கள். வயரைப் பிடுங்கிவிட்டு, பேனலைத் திருப்பி, யூஎஸ்பி சாக்கெட்டுக்கு அருகில் இருக்கும் அந்த ஃப்யூஸைக் கண்ணால் பாருங்கள். நல்ல ஃப்யூஸுக்கும் மின்தடை ஓர் ஓமுக்கும் கீழேதான் இருக்கும், அதனால் மல்டிமீட்டர் வைத்தால் வித்தியாசம் தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். குறுக்கே வயர் இருந்தால் அந்த எல்இடி இணைப்பை வெட்டிவிடுங்கள். படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், என் புகாரோடு சேர்க்கிறேன்.