கடல் என்ன எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கப்பல் விதிகளோடு சில வருடங்கள்

2022 மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் லாஞ்ச் வேலைக்குப் போகும் நண்பன் வீட்டில் சும்மா இருந்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடிக்கொண்டிருந்தோம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை போட்டு ஆடும் விளையாட்டு அது; கதை நடத்துபவன் நான். ஓர் ஆள் குறைகிறது என்று அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அந்த வாரம் பார்த்தா கதை கப்பல் ஏற வேண்டும்?

அந்தப் பதிப்பின் 2014 விதிக் கையேட்டில் கடல் பயணம் கிட்டத்தட்ட ஒரு பட்டியல்தான். துடுப்புப் படகு மணிக்கு ஒன்றரை மைல், பாய்மரக் கப்பல் 2, வரிசையாகத் துடுப்பு வைத்த பெரிய காலி கப்பல் 4. ஆள் போதுமென்றால் 24 மணி நேரமும் போகலாம். இரண்டை இருபத்துநாலால் பெருக்கினேன், நாளைக்கு 48 மைல். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, "அஞ்சாம் நாள் போய்ச் சேர்றீங்க" என்றேன்.

"இன்னாடா, கடல் இன்னா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடா, நேரா உட்டுக்கினு போறதுக்கு? காத்து எந்தப் பக்கம்? வெள்ளம் வன்னியா தெண்டியா?" என்றான் நண்பன்.

வெள்ளம் என்று அவன் சொன்னது கடல் நீரோட்டத்தை. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. கோடையில் பெரும்பாலும் தெண்டி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வன்னி. கையேட்டிலும் நீரோட்டம் உண்டு, ஆனால் ஆறு, ஏரிப் படகுகளுக்கு மட்டும். ஓட்டத்தோடு போனால் பொதுவாக 3 மைல் கூடும். வலுத்த ஓட்டத்துக்கு எதிரே துடுப்புப் போட முடியாது, கரையிலிருந்து மாடோ குதிரையோ கட்டி இழுக்கலாம். கப்பல் விதிகளிலேயே எனக்கு நிஜமாகப் பட்டது இதுதான். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாயில், சரக்குப் படகுகளை ஆட்களே கரையில் நடந்து கயிறு போட்டு இழுத்துப் போவார்களாம், பாட்டி சொல்வார். மாட்டுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்காற்றில் வளைந்து வளைந்து போகும் பாய்மரத்துக்கு மணிக்கு 2 மைல் கிடைத்தாலே பெரிசு. காலி கப்பல்தான் இடித்தது. அதற்கு மாலுமிகள் 80 பேர். இராப்பகலாக மணிக்கு 4 மைல் என்றால் யார் எப்போது தூங்குவது? எங்கள் மேசையில் பகலில் எட்டு மணி நேரம்தான் துடுப்பு என்று வைத்துக்கொண்டோம். மீதி நேரம் காற்று பார்த்து ஊர்ந்துகொண்டிருக்கும்.

நாங்கள் சேர்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. விடிந்ததும் ஆறுமுகப் பகடை இரண்டு, ஒன்று காற்றுக்கு, ஒன்று வெள்ளத்துக்கு. கோடை என்றால் 1 முதல் 4 வரை தெண்டி, 5 வன்னி, 6 வெள்ளமே இல்லை. வெள்ளம் சாதகமென்றால் மணிக்கு ஒரு மைல் கூடுதல், பாதகமென்றால் ஒரு மைல் குறைவு. காற்றும் வெள்ளமும் சேர்ந்து எதிர்த்தால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும், இல்லை பின்னால் போகும். முதல் நாளே பின்னால் போனார்கள். அப்போதுதான் மேசையில் சண்டை சூடு பிடித்தது. நங்கூரம் போட்டு நிற்பதா, வேறு ஊர்க் கரையில் ஒதுங்குவதா என்று முக்கால் மணி நேரம். அதுவரை கடல் வந்தாலே போனை நோண்டுபவர்கள் இவர்கள்!

அப்புறம் கரையேறுவது. கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கி அலையைத் தாண்ட வேண்டும். நான் வழக்கம்போல பலத்துக்குப் பகடை போடச் சொன்னேன். நண்பன் என் கையைப் பிடித்தான். "பலம் இன்னாத்துக்கு? உக்காந்து எண்ணு. பெரிய அலை நாலஞ்சு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்போ தள்ளு." அன்றிலிருந்து அலை தாண்டப் பாத்திரத்தின் பலத்துக்குப் பதில் விவேகத்துக்குத்தான் பகடை. பொறுமையில்லாத பார்பேரியன் (முரட்டு வீரன் பாத்திரம்) மூன்று முறை கவிழ்ந்தான். துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக் கரைக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்த மசூலா படகையும் சேர்த்துக்கொண்டோம். ஆணி இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்த பலகை, அலை மோதினால் நெளிந்து கொடுக்கும். அதனால் அலையில் வரும் சேதம் அதற்குப் பாதிதான்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் தோல்வி. விதிப்படி ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், வெயிலென்றால் இரண்டு. மாலுமிகள் 20 பேர், நாங்கள் ஐந்து பேர், ஆக வெயில் நாளுக்கு 50 கேலன். தண்டையார்பேட்டை லாரித் தண்ணீர்க் கணக்கில் பன்னிரண்டு பதின்மூன்று குடம். கேட்க நன்றாக இருக்கிறது, எழுதி வைத்துக் கழித்துக்கொண்டே இருப்பது ரேஷன் கடை வேலை. இரண்டே வாரத்தில் கைவிட்டோம்.

2019இல் வந்த துணைநூலில் மாலுமிகளின் தரத்துக்கு மதிப்பெண், கேப்டன் முதல் சமையல்காரர் வரை பொறுப்புகள் எல்லாம் உண்டு. மாலுமிகள் கலகம் செய்யும் கதை ஓட்டுபவர்கள் வாங்கலாம். நான் அதில் எடுத்துக்கொண்டது குறைவு.

இந்த வருடத் தடைக்காலமும் முடிந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் காற்றுக்கு 1, வெள்ளத்துக்கு 5 விழுந்து, கப்பல் ஒரு முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. நண்பன் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் கரைக்கு வந்த பிறகுதான் அடுத்த பகடை.