மலைப்பாம்புக்குத் துணிப்பையா, டப்பாவா?

கீழக்கரையிலிருந்து சென்னைக்கு வீடு மாறுகிறோம். 500 கிலோமீட்டருக்கு மேல். கூட வருவது ஒரு பால் பைத்தான் (ball python), ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. (நம்மூர் சாரையையோ நல்லபாம்பையோ வீட்டில் வளர்த்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்த சான்று கையில் இருக்கட்டும்.)

முதலில் தோன்றுவது தலையணை உறைதான். காற்று போகும்; இருட்டில் பாம்பு சுருண்டு அடங்கிவிடும். உறையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரிந்த தையல் நூல் பாம்பைச் சுற்றிக்கொள்ளும். வாயை முறுக்கி முடிச்சுப் போட்டால் சரி. ஆனால் மேலே ஒரு பாத்திர மூட்டை சரிந்தால் போச்சு.

பிளாஸ்டிக் டப்பா அந்த நசுங்கலைத் தாங்கும். துளைகளை உள்ளிருந்து வெளியே போட வேண்டும், அப்போதுதான் பிசிர் வெளிப்பக்கம் நிற்கும். குறை? வழவழப்பான தரையில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பாம்பு சறுக்கும்.

எனக்கு டப்பாதான். உள்ளே அந்த உறையோடு சேர்த்து.

எதுவானாலும் கிளம்பும் முன் ஒரு வாரம் இரை வேண்டாம், வழியில் கக்கிவிடும். அப்புறம், தேவிபட்டினத்தில் டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் ஏசி ஓடும் காரிலேயே இருக்கட்டும். அவருக்கு டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.